ஒரு தீர்ப்பு வந்தா எப்படிப் படிக்கணும், எப்படிப் பேசணும்: ராம்நாடு கடக்கரை ஜூனியர் வக்கீல்களுக்கு முழு வழிகாட்டி

2023 ஜனவரி 24ஆம் தேதி சாயங்காலம் தங்கச்சிமடத்துல இருந்து எங்க சித்தப்பா போன் பண்ணுனாரு. "ஏப்பா, சுருக்குமடிக்கு சுப்ரீம் கோர்ட் அனுமதி குடுத்துருச்சாமே, நெசமா?"ன்னு கேட்டாரு. சுருக்குமடின்னா மீன் கூட்டத்தையே வளைச்சுச் சுருக்கி அள்ளுற பெரிய வலை, மாநில அரசு அதுக்குத் தடை போட்டுருந்துச்சு. நான் அப்பத்தான் ராம்நாடு கோர்ட்ல இருந்து வீட்டுக்கு வந்துருந்தேன், இன்னும் கோட்டைக் கூடக் கழட்டல, போன்ல ஓடுன செய்தித் தலைப்பை மட்டும் பாத்துருந்தேன். "ஆமா சித்தப்பா, குடுத்துட்டாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். அவரு அதை நம்பி, கூட்டாளி ரெண்டு பேரோட சேந்து வலைக்கு முன்பணம் குடுத்துட்டாரு. வக்கீல் பிள்ளை சொல்லுது, அப்புறம் என்னன்னு.

ரெண்டு நாள் கழிச்சுத்தான் நான் அந்த உத்தரவை முழுசாப் படிச்சேன். முதல்ல அது இடைக்கால உத்தரவு. அனுமதி குடுத்தது 12 கடல் மைலுக்கு அப்பால, அதாவது நம்ம மாநிலக் கடல் எல்லையைத் தாண்டி. அதுலயும் திங்கக்கிழமை, வியாழக்கிழமை ரெண்டு நாள் மட்டும், காலைல 8 மணில இருந்து சாயங்காலம் 6 மணிக்குள்ள போயிட்டுத் திரும்பிரணும், படகு பதிவு பண்ணிருக்கணும், படகு எங்க இருக்குன்னு காட்டுற கருவி மாட்டிருக்கணும். நம்ம பாக் நீரிணைல நின்னு யோசிச்சுப் பாருங்க, தனுஷ்கோடிப் பக்கம் 12 கடல் மைல் போறதுக்கு முன்னாடியே சர்வதேச எல்லைக்கோடு வந்துரும். எங்க சித்தப்பா படகு நிக்கிற இடத்துக்கு அந்த உத்தரவால ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. முன்பணத்துல பாதிதான் திரும்பி வந்துச்சு, மீதிப் பாதி என் வாயால போனது.

அன்னைக்கு முடிவு பண்ணதுதான், உத்தரவோட கடைசிப் பாராவைப் படிக்காம ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு. இப்ப எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற தம்பி தங்கச்சிகளுக்கு வாயால சொல்லிக் குடுக்குறதைத்தான் இங்க எழுதுறேன். வாட்ஸப்ல தீர்ப்பைப் பத்திப் பேசுற வக்கீல், கடைல டீ குடிச்சிக்கிட்டே பேசுற வக்கீல், எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: காப்பியைக் கைல வாங்குங்க

செய்தி வேற, தீர்ப்பு வேற. செய்தியோட ஸ்கிரீன்ஷாட்டை வச்சு விவாதம் பண்றது, மீன் வாடைய வச்சு மீன் என்ன எடைன்னு சொல்ற மாதிரி. உத்தரவோட நகல் இல்லைன்னா "படிச்சுட்டுச் சொல்றேன்"னு ஒரு வரி போட்டுட்டு நிறுத்திக்கங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

நகல் எடுக்க வழக்கு எண் வேணும். இங்கதான் புதுசா வர்றவங்க அடிக்கடி வழுக்குறாங்க. நம்ம மாவட்டம் ஹைகோர்ட்டோட மதுரைக் கிளைக்குக் கீழ வருது, 2004 ஜூலை 24ல அந்தக் கிளை தொறந்ததுல இருந்து நம்ம ரிட் மனுவெல்லாம் (அரசு, அதிகாரிங்களுக்கு எதிரா நேரா ஹைகோர்ட்ல போடுற மனு) அங்கதான். அதனால நம்ம வழக்கு நம்பருக்கு நடுவுல மதுரையைக் குறிக்கிற எம்டின்னு ரெண்டு எழுத்து இருக்கும், டபிள்யூ.பி.(எம்டி)ன்னு. அந்த எம்டியை விட்டுட்டு அதே நம்பரை, அதே வருஷத்தைப் போட்டுத் தேடுனா சென்னைல எவனோ ஒருத்தன் போட்ட வேற வழக்கு வந்து நிக்கும். ஒரு தடவை ஒரு ஜூனியர் மணல் குவாரி உத்தரவுன்னு சொல்லி யாரோ ஒரு டீச்சரோட இன்கிரிமென்ட் வழக்கை எனக்கு அனுப்பிட்டாரு. கோர்ட்டுகளோட இணையதளமான இ-கோர்ட்ஸ்ல தேடும்போது, வழக்குக்குன்னே தனியா 16 எழுத்து, எண் கலந்து வர்ற சிஎன்ஆர் நம்பர் கிடைச்சா அதைக் குறிச்சு வச்சுக்கங்க, அது மாறாது, குழப்பாது.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்புன்னா இப்ப ரொம்ப சுலபம். 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளோட இணையத் தொகுப்பான இ-எஸ்சிஆர் வந்ததுல இருந்து காசு இல்லாமப் படிக்கலாம், முன்ன மாதிரி சீனியர் அலமாரிச் சாவிக்குக் காத்துக் கிடக்க வேணாம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஐஎன்எஸ்சின்னு பொதுவான எண்ணும் குடுக்குறாங்க. நிறைய தீர்ப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு, கட்சிக்காரருக்குக் காட்ட நல்லா உதவும், ஆனா வாதம்னு வந்தா இங்கிலீஷ் மூலம்தான் செல்லும், அதனால வார்த்தைய வச்சுப் பேசும்போது மூலத்தைத் தொறந்து பாத்துக்கங்க.

ஏஐ கிட்டக் கேட்டு சைட்டேஷன், அதாவது மேற்கோள் காட்ட முன்தீர்ப்பு வாங்குற பழக்கம் இப்ப வந்துருக்கு. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க அப்படி வாங்குன, உலகத்துலயே இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்ல தாக்கல் பண்ணி 5000 டாலர் அபராதம் கட்டுனாங்க. யாரு என்ன சைட்டேஷன் குடுத்தாலும் அந்தத் தீர்ப்பைத் தொறந்து, அதுல அந்த வரி இருக்கான்னு கண்ணால பாத்தாத்தான் கணக்கு.

ரெண்டாவது: இது என்ன மாதிரி உத்தரவு?

இதுதான் எல்லாத்துலயும் பெரிய விஷயம், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். கோர்ட்ல இருந்து வர்ற காகிதம் எல்லாம் தீர்ப்பு ஆகாது.

நீதிபதி விசாரணைல வாயால சொல்றது உத்தரவே கிடையாது. 2021ல தேர்தல் நேரத்துல சென்னை உயர் நீதிமன்றத்துல தேர்தல் ஆணையத்தைப் பத்தி ரொம்பக் கடுமையா வாயால சொன்ன பேச்சு நாடு பூரா செய்தி ஆச்சு, ஆணையம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அந்த வருஷம் மே 6ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வாய்வழிப் பேச்சு கோர்ட் பதிவேட்டுல கிடையாது, அதனால அதை நீக்கச் சொல்ற கேள்வியே எழல, அதே சமயம் பத்திரிகைக்காரங்க அதைச் செய்தியாப் போடுறதையும் தடுக்க முடியாதுன்னு. ஆக, "நீதிபதி விசாரணைல இப்படிக் கேட்டாரு"ன்னு சொல்லலாம், "கோர்ட் இப்படி உத்தரவு போட்டுச்சு"ன்னு சொல்லக்கூடாது.

அடுத்தது நோட்டீஸ் உத்தரவு. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புறது வழக்கமான வேலை, அதையே "அரசுக்கு ஐகோர்ட் கேள்வி"ன்னு தலைப்பு போட்டா பெருசாத் தெரியும், உள்ள ஒண்ணும் இருக்காது.

இடைக்கால உத்தரவு. சுருக்குமடி உத்தரவு இந்த வகை. இறுதித் தீர்ப்பு வர்ற வரைக்கும் நடைமுறைக்கு ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான், சட்டக் கேள்வி முடிஞ்சுருச்சுன்னு அர்த்தம் கிடையாது. அந்த வழக்குல உண்மையான சட்டக் கேள்வி ரொம்ப சுவாரஸ்யமானது. நம்ம அரசியல் சாசனத்துல மாநிலப் பட்டியல்ல 21ஆவது இனம் மீன்வளம், ஒன்றியப் பட்டியல்ல 57ஆவது இனம் கடல் எல்லைக்கு அப்பால மீன்பிடிப்பு. அப்ப 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் கீழ 2022 பிப்ரவரில மாநில அரசு போட்ட தடை 12 கடல் மைலுக்கு வெளிய செல்லுமா, செல்லாதா? எல்லைக்குள்ள தடை போடலாம்ங்கிறதுக்கு கேரளா அரசு எதிர் ஜோசப் ஆண்டனின்னு 1993லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அங்கயும் இதே மாதிரி வலைத் தடைதான், சிறுதொழில் மீனவங்களுக்கு ஆதரவாத் தடையை ஏத்துக்கிட்டாங்க. வக்கீலுங்க சண்டை போட வேண்டியது இந்த இடத்துல. நம்ம ஆளுங்க என்னடான்னா "அனுமதி குடுத்தாச்சு, குடுக்கல"ன்னு ராத்திரி பூரா அடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் நம்ம ஊர்ல ரொம்ப ஏமாத்துறது, "மனுவைப் பரிசீலிக்க உத்தரவு". கலெக்டருக்கு மனு குடுத்தேன், பதில் இல்லன்னு ரிட் போடுவோம், கோர்ட் "மனுவை இத்தனை வாரத்துக்குள்ள சட்டப்படி பரிசீலிச்சு முடிவெடுங்க"ன்னு முடிச்சு வைக்கும். மறுநாள் பேப்பர்ல "ஐகோர்ட் அதிரடி" வரும், ஊர்ல பட்டாசு கூட வெடிப்பாங்க. உள்ள பாத்தா, கோர்ட் மனுதாரர் பக்கம் நியாயம் இருக்கு, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்காது. அதிகாரி பரிசீலிச்சு "முடியாது"ன்னு சொன்னாக்கூட உத்தரவை நிறைவேத்துனதாத்தான் கணக்கு. 2006ல ஆந்திரா பஸ் கார்ப்பரேஷன் எதிர் சீனிவாச ரெட்டி வழக்குல இந்தப் பரிசீலனை உத்தரவுக்கு என்ன அர்த்தம், எப்ப அது குழப்பத்தை உண்டாக்கும்னு சுப்ரீம் கோர்ட் விரிவாச் சொல்லிருக்கு. ஒவ்வொரு ஜூனியரும் அதைப் படிச்சுட்டு வாங்க.

"சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி பண்ணிருச்சு"ங்கிறது இன்னொண்ணு. ஹைகோர்ட் தீர்ப்புக்கு எதிரா அப்பீல் பண்ண அனுமதி கேக்குற சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாம ஒரே வரில தள்ளுபடி பண்ணா, "அப்பீலை எடுத்துக்க விரும்பல"ன்னு மட்டும்தான் அர்த்தம், ஹைகோர்ட் சொன்ன சட்டத்தை சுப்ரீம் கோர்ட் ஆமோதிச்சதா ஆகாது. குன்ஹயம்மது எதிர் கேரளா அரசு, 2000ஆம் வருஷத் தீர்ப்பு, இதைத் தெளிவா வச்சுருக்கு. காரணம் எழுதித் தள்ளுபடி பண்ணா கதை வேற, அந்தக் காரணத்துக்கு மதிப்பு உண்டு.

ஜாமீன் உத்தரவும் அப்படித்தான். 2001ல கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல சேத்து, பிடிச்சாலே குற்றம்னு ஆனதுல இருந்து நம்ம மண்டபம், வேதாளை, கீழக்கரைப் பக்கம் எத்தனை வழக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தருக்கு ஜாமீன் கிடைச்ச உடனே "பாத்தீங்களா, கேஸே நிக்கலை"ன்னு பேசுறாங்க. ஜாமீன்னா விசாரணை வரைக்கும் வெளிய இருக்கலாம், அதுக்கு மேல அதுல எதையும் படிக்காதீங்க.

மூணாவது: எந்தக் கோர்ட், எத்தனை நீதிபதி

இது சின்ன வேலைதான். அரசியல் சாசனம் 141ஆவது பிரிவுப்படி சுப்ரீம் கோர்ட் சொல்ற சட்டம் எல்லாக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். ஹைகோர்ட்ல தனி நீதிபதி, ரெண்டு நீதிபதி அமர்வு, முழு அமர்வுன்னு போகப் போக எடை கூடும். வேற மாநில ஹைகோர்ட் தீர்ப்பை நம்ம கோர்ட் மரியாதையா எடுத்துப் பாக்கும், கட்டுப்படாது. ஒரு தீர்ப்பைப் பகிரும்போது முதல் வரிலயே "மதுரைக் கிளை, ரெண்டு நீதிபதி அமர்வு, இறுதி உத்தரவு, இன்ன தேதி"ன்னு போட்டுட்டா பாதிச் சண்டை வராமலே போயிரும்.

நாலாவது: படிக்கிற வரிசை

எங்க சீனியர் சொல்லிக் குடுத்தது: முதல்ல கடைசிப் பாரா, கோர்ட் என்னதான் பண்ணச் சொல்லுதுன்னு. அப்புறம் முதல் பக்கம், யாரு யாருகிட்ட என்ன கேட்டுருக்காங்கன்னு. அப்புறம் சம்பவம். அதுக்கு அப்புறம் கோர்ட் எடுத்துக்கிட்ட கேள்வி. கடைசியாத்தான் காரணங்கள். தீர்ப்புக்கு மேல சுருக்கமா வர்ற ஹெட்நோட் எழுதுறது புத்தகம் போடுற கம்பெனி ஆளு, அவரு நல்லாத்தான் எழுதிருப்பாரு, ஆனா அது தீர்ப்போட பகுதி கிடையாது, அதை மேற்கோள் காட்டாதீங்க.

ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. தீர்ப்புக்குள்ள பக்கம் பக்கமா "மனுதாரர் வக்கீல் சொன்னதாவது"ன்னு ஓடும். அதுல இருந்து நாலு வரிய வெட்டி மஞ்சக் கலர் அடிச்சு "கோர்ட் சொல்லிருச்சு"ன்னு போடுறவங்க நிறைய. மேல ஏறிப் பாத்து, அந்தப் பேச்சு யாரோடதுன்னு உறுதி பண்ணிக்கங்க. கோர்ட்டே சொன்னதாவே இருந்தாலும், அந்த வழக்கை முடிக்க அந்த வரி தேவைப்பட்டுச்சா, இல்ல போற போக்குல சொன்னதான்னு பாருங்க. முடிவுக்குத் தேவைப்பட்ட காரணம்தான் ரேஷியோ, அதுதான் அடுத்த வழக்கைக் கட்டும். போற போக்குல சொன்னது ஓபிட்டர். எனக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: அந்த வரியைத் தூக்கிட்டுப் பாத்தா தீர்ப்போட முடிவு அப்படியே நிக்குதா? நின்னா அது ஓபிட்டர்.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலைல ஏர்வாடில ஒரு கொட்டகை தீப்பிடிச்சு, தர்காவுல குணமாகும்னு கூட்டிட்டு வந்து உள்ள சங்கிலியால கட்டி வச்சுருந்த மனநோயாளிங்க வெளிய வர முடியாம இறந்து போனாங்க. மொத்தம் 28 பேர். பேப்பர்ல வந்த செய்தியைப் பாத்து சுப்ரீம் கோர்ட் தானே வழக்கா எடுத்துச்சு. அந்த வழக்கோட தலைப்புல "25 பேர்"னுதான் இருக்கும், ஏன்னா செய்தி வந்த அன்னைக்கு இருந்த கணக்கு அது. ஒரு மூத்த வக்கீலும் ஒரு ஜூனியரும் 25ஆ 28ஆன்னு என் முன்னாடியே மல்லுக்கட்டுனாங்க, ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஒருத்தர் தலைப்பைச் சொல்றாரு, ஒருத்தர் நடந்ததைச் சொல்றாரு. ஒரு எண் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.

அதைவிட முக்கியம், 2002 பிப்ரவரி 5ல வந்த அந்த உத்தரவுல என்ன இருக்குங்கிறது. "ஏர்வாடி தர்காவைக் கோர்ட் கண்டிச்சுது"ன்னு சொல்றவங்க இருக்காங்க, படிக்காதவங்க. அதுல இருக்கிறது எல்லா மாநிலத்துக்குமான கட்டளை: ஒவ்வொரு மாநிலமும் கணக்கெடுப்பு நடத்தணும், மனநல மருத்துவமனை இல்லாத மாநிலம் ஒண்ணாவது கட்டணும், சங்கிலி போட்டுக் கட்டுறது சட்டவிரோதம், நோயாளிய டாக்டர்கிட்டத்தான் கூட்டிட்டுப் போகணும், கோயிலுக்கோ தர்காவுக்கோ இல்லன்னு ஜனங்களுக்குச் சொல்லணும். கோயில், தர்கா ரெண்டு வார்த்தையும் சேந்தேதான் வருது. ஒண்ண மட்டும் வெட்டி எடுத்துப் பேசுறவன் அந்த 28 பேருக்கும் துரோகம் பண்றான்னுதான் நான் நினைக்கிறேன்.

அஞ்சாவது: அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோட இருக்கா?

அப்பீல் போயிருக்கா, ஸ்டே வந்துருக்கா, சீராய்வு நிலுவைல இருக்கா, பின்னாடி பெரிய அமர்வு மாத்திருச்சா, இதெல்லாம் பாக்கணும். சட்டமே மாறிருக்கலாம், அதை நிறையப் பேர் மறந்துடுறாங்க. ஏர்வாடி உத்தரவு 1987ஆம் வருஷத்து மனநலச் சட்டக் காலத்துல வந்தது, இப்ப 2017ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு, அதுல 95ஆவது பிரிவே எந்த விதத்துலயும் சங்கிலி போடக்கூடாதுன்னு சொல்லிருச்சு, அதனால இன்னைக்கு வாதம் பண்றவங்க பிரிவுல இருந்து ஆரம்பிக்கணும்.

இறால் பண்ணை வழக்கு இதைவிடக் கூர்மையான உதாரணம். 1996 டிசம்பர் 11ல ஜெகந்நாத் வழக்குல சுப்ரீம் கோர்ட், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ள இறால் குட்டை வைக்கக்கூடாது, பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்குன்னு சொல்லுச்சு. இன்னைக்கும் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் யாராவது குட்டை வெட்டுனா அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. அந்தத் தீர்ப்பு நின்னது 1991ஆம் வருஷத்துக் கடலோர அறிவிக்கை மேல. 2005ல பார்லிமென்ட் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து அந்த அறிவிக்கையையே முன்தேதியிட்டு மாத்திருச்சு, 2023ல அந்தச் சட்டத்துக்கும் திருத்தம் வந்துருக்கு. உப்புத்தண்ணி ஊறி நம்ம கிணறு கெட்டுப் போறதைப் பத்தித் தீர்ப்புல எழுதிருக்கிறது இன்னைக்கும் படிக்க வேண்டியதுதான், எனக்கு அந்தத் தீர்ப்பு மேல பாசமே உண்டு. ஆனாலும் பாசத்தை வச்சு வழக்கு ஜெயிக்க முடியாது, 2005ஆம் வருஷத்துச் சட்டத்தைச் சொல்லாம ஜெகந்நாத்தை மட்டும் சொல்றவன் எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்ச உடனே தலை குனிவான்.

குற்ற வழக்குன்னா, 2024 ஜூலை 1ல இருந்து பழைய சட்டங்களுக்குப் பதிலா பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பாரதிய சாட்சியச் சட்டம்னு மூணு புதுச் சட்டமும் வந்தாச்சு. பழைய தீர்ப்புல கைது பண்ணாம நோட்டீஸ் குடுத்துக் கூப்பிடுற பிரிவு 41ஏன்னு இருந்தா இப்ப அது பிஎன்எஸ்எஸ் 35ல இருக்குன்னு பக்கத்துல எழுதிட்டுப் பகிருங்க.

ஆறாவது: எதிர்த்தரப்பு வாதத்தை முதல்ல சொல்லுங்க

நான் எங்க ஜூனியர்களுக்கு வச்சுருக்குற பரீட்சை கச்சத்தீவு. நம்ம கரைல இதைப் பத்திப் பேசாத டீக்கடை இல்ல, 285 ஏக்கர்தான், ஆனா எல்லாரும் பாதியைத்தான் சொல்றாங்க. கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்தோட 5ஆவது பிரிவுல நம்ம மீனவங்களும் யாத்ரிகர்களும் முன்ன மாதிரியே பாஸ்போர்ட், விசா இல்லாம கச்சத்தீவுக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கு, இதைச் சொல்லி "மீன் பிடிக்கவும் உரிமை இருக்கு"ன்னு முடிச்சுருவாங்க. 1976ல ரெண்டு நாடும் பரிமாறிக்கிட்ட கடிதத்துல ஒரு நாட்டுப் படகு இன்னொரு நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக்கூடாதுன்னு வந்ததைச் சொல்லவே மாட்டாங்க.

அடுத்து, 1960 பெருபாரி கருத்துல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு, இந்திய மண்ணை வேற நாட்டுக்குக் குடுக்கணும்னா அரசியல் சாசனத் திருத்தம் வேணும்னு. தமிழ்நாட்டுத் தரப்பு வாதம் இதுமேலதான் நிக்குது. மத்திய அரசுத் தரப்பு, இது குடுத்தது கிடையாது, யாரோடதுன்னு தகராறுல இருந்த எல்லையைத் தீர்மானிச்சதுதான்னு சொல்லுது. அதுக்குத் துணையா 1969 மகன்பாய் வழக்கு, கட்ச் எல்லைத் தகராறு, அதுல எல்லைத் தகராறைத் தீக்குறதுக்குத் திருத்தம் தேவையில்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அப்ப உண்மையான கேள்வி, 1974க்கு முன்னாடி கச்சத்தீவு சந்தேகத்துக்கு இடமில்லாம இந்திய மண்ணா, இல்ல தகராறுல இருந்த மண்ணா? கச்சத்தீவு ஜமீனுக்குச் சேந்ததுன்னு காட்ட நம்ம தரப்பு எடுத்து வைக்கிற ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்னு இப்பப் புரியுதா?

நான் தங்கச்சிமடத்துல பொறந்தவன், என் மனசு எந்தப் பக்கம்னு சொல்லத் தேவையில்ல. அதனாலயே ஜூனியர்ங்ககிட்ட முதல்ல மகன்பாயை வச்சு எனக்கு எதிரா வாதாடச் சொல்லுவேன். அந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்து வக்கீலே "ஆமா, இதான் என் வாதம்"னு ஒத்துக்கிற மாதிரி சொன்னதுக்கு அப்புறம்தான் பதில் சொல்ல விடுவேன்.

ஏழாவது: விமர்சனம் பண்ணலாம், எதைத் தொடக்கூடாது

தீர்ப்பு தப்புன்னு சொல்றது நம்ம உரிமை. 1971ஆம் வருஷத்து நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 5ஆவது பிரிவே, விசாரிச்சு முடிச்ச வழக்கோட தீர்ப்பை நியாயமா விமர்சனம் பண்றது அவமதிப்பு ஆகாதுன்னு சொல்லுது. "12ஆவது பாராவுல இந்த ஆவணத்தைக் கணக்குல எடுக்கல, அதனால முடிவு தப்பு"ன்னு எழுதுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீதிபதி எந்தச் சாதி, எந்தக் கட்சி, யாருக்கு வேண்டியவருன்னு ஆரம்பிச்சா அது தீர்ப்பு விமர்சனம் இல்ல, அங்க சட்டம் உங்களுக்குத் துணைக்கு வராது. 2020ல பிரசாந்த் பூஷண் வழக்கு ரெண்டு ட்வீட்ல இருந்துதான் ஆரம்பிச்சுது, ஒரு ரூபா அபராதத்துல முடிஞ்சாலும் குற்றவாளின்னு தீர்ப்பு தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பு சரியா தப்பான்னு வக்கீலுங்க இன்னைக்கும் பேசுறோம், பேசணும், காரணத்தோட பேசணும்.

நிலுவைல இருக்குற உங்க சொந்த வழக்கைப் பத்தி வெளிய வாயே தொறக்காதீங்கன்னுதான் என் கருத்து. கட்சிக்காரர் உங்ககிட்டச் சொன்னது அவரோட சொத்து, பாரதிய சாட்சியச் சட்டம் 132ஆவது பிரிவு அதைக் காக்குது, வழக்கு முடிஞ்சாலும் அந்தக் கடமை முடியாது. பேரைச் சொல்லாட்டியும் "பாம்பன்ல ஒரு விசைப்படகு ஓனர், ரெண்டாவது சம்சாரம்"னு ஆரம்பிச்சாலே ஊருக்குத் தெரிஞ்சுரும், நம்ம ஊர் அவ்வளவு சின்னது. பாலியல் குற்ற வழக்குல பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளிய விடுறது பிஎன்எஸ் 72ஆவது பிரிவுப்படி குற்றம், குழந்தைன்னா போக்சோ 23. தீர்ப்பு நகல்ல தவறிப் போய்ப் பேரு இருந்தாக்கூட நீங்க மறைச்சுட்டுத்தான் அனுப்பணும், அப்பா பேரு, ஊர்ப் பேரு, பள்ளிக்கூடம் உட்பட.

ஜெயிச்ச உத்தரவைப் போட்டு அதுக்குக் கீழ போன் நம்பர் போடுறது வேணாம். பார் கவுன்சில் விதி 36 வக்கீல் விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு சொல்லுது.

எட்டாவது: கரைல காத்துருக்குறவங்களுக்குச் சொல்றது

வக்கீலுக்கு வக்கீல் பேசுறது ஒரு பாஷை, படகு போன வீட்ல பேசுறது வேற பாஷை. இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டுப் போன நம்ம ஆளுங்களை ஊர்காவற்றுறைலயோ மன்னார்லயோ கோர்ட்ல நிறுத்துவாங்க. "ஆறு மாசம் சிறை, அஞ்சு வருஷத்துக்கு ஒத்திவைப்பு"ன்னு தீர்ப்பு வரும், ஆளு வீட்டுக்கு வந்துருவாரு, வீட்ல "விடுதலை ஆயிட்டாரு"ன்னு சந்தோஷம். அது விடுதலை இல்லம்மா, தண்டனை குடுத்தாச்சு, தலைக்கு மேல தொங்குது, அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள மறுபடி பிடிபட்டா பழைய ஆறு மாசமும் சேந்து உள்ள போகணும். இதை யாரும் சொல்லாததால ரெண்டாவது தடவை பிடிபட்டு வருஷக் கணக்குல உள்ள கிடந்த ஆளு வீட்ல நான் போய் உக்காந்துருக்கேன், அந்தக்கா என்கிட்டக் கேட்டது, "முன்னாடியே சொல்லிருந்தா அனுப்பிருப்பேனா தம்பி?"

அதனால வீட்டுக்குச் சொல்லும்போது நாலு விஷயம் மட்டும்: ஆளு எப்ப வர்றாரு, இனிமே என்ன பண்ணக்கூடாது, எத்தனை வருஷத்துக்கு, படகு என்ன ஆச்சு. படகு விஷயம் தனி வழக்கா நடக்கும், உரிமையாளரே அந்தக் கோர்ட்டுக்கு வரணும்னு தேதி போடுவாங்க, அந்தத் தேதியைப் பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க. பிரிவு நம்பர் எதுவும் வேணாம்.

தப்பாச் சொல்லிட்டா

எல்லாருக்கும் நடக்கும். பழைய மெசேஜை அழிச்சுட்டுச் சும்மா இருக்காதீங்க, அதுக்குள்ள அது பத்து கை மாறிருக்கும். எந்தக் குரூப்ல தப்பாப் போட்டீங்களோ அதே குரூப்ல, "நேத்து நான் சொன்னது தப்பு, இது இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்குள்ள தடை அப்படியே இருக்கு, நகல் இணைச்சுருக்கேன்"னு போடுங்க. கூடவே அதையே வாயால பேசி ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்புங்க, படகுல போற நிறைய அண்ணன்மாரு எழுத்தைப் படிக்க மாட்டாங்க, குரலைக் கேப்பாங்க. நீங்க நேர்ல சொன்ன ஆளு இருந்தா அவருக்குத் தனியாப் போன் பண்ணுங்க. காலைல கடலுக்குப் போறதுக்கான டோக்கன் வாங்கிட்டுப் படகு கிளம்புறதுக்கு முன்னாடி இது போய்ச் சேரணும், கொஞ்ச தூரம் உள்ள போயிட்டா அங்க டவர் எடுக்காது.